சட்டமன்ற மசோதாவுக்கு வேலூர் மாநகராட்சி தன் நிலைப்பாட்டைச் சொல்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

எங்கள் தெருவில் நாலு பேர் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். சட்டமன்றத்துக்கு வந்திருந்த ஒரு மசோதாவைப் பற்றி மாநகராட்சி தன் கருத்தை அரசுக்கு எழுத வேண்டும் என்று கேட்ட மனு அது. கையெழுத்து வாங்க ஐந்து நாள் ஆனது. ஆறாவது நாள் காலையில் கவுன்சிலரிடம் கொடுக்கப் போனோம். அவர் மனுவை முழுதாகப் படித்துவிட்டு, "அண்ணே, இது நேத்து சாயங்காலமே பாஸ் ஆயிடுச்சே" என்றார். அவர் மேல் தப்பில்லை, எங்கள் மேலும் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு மசோதா அறிமுகமாவதற்கும் நிறைவேறுவதற்கும் நடுவில் சில சமயம் ஒரு வாரம்கூட இருப்பதில்லை. கவுன்சிலர்கள் கூடும் மாநகராட்சி மன்றமான மாமன்றமோ மாதம் ஒரு முறை கூடுகிற சபை. இந்தக் கணக்கு அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் அலைந்தும் தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். பகுதி சபாவில் (வார்டின் ஒரு பகுதி வாக்காளர்கள் கூடும் சபை) உட்காருகிறவர்கள், வார்டு குழு உறுப்பினர்கள், கவுன்சிலர்கள், வியாபாரிகள் சங்கத்தார், அப்புறம் தன் தெருவுக்கு என்ன வரப்போகிறது என்று யோசிக்கிற எல்லோருக்கும் இது பயன்படும்.

முதலில், மாநகராட்சிக்கு இதில் என்ன வேலை?

உள்ளாட்சி என்பது அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் 5-வது இனமாக இருக்கிறது. மாநகராட்சியை உண்டாக்குவதும், அதன் எல்லையை மாற்றுவதும், வரி போடும் வரம்பை வகுப்பதும் சட்டமன்றத்தின் கையில். 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்தது. 12-வது அட்டவணையில் 18 பணிகளைப் பட்டியலிட்டது. ஆனால் அவற்றில் எதை, எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலம்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் வேலூர் மாமன்றம் ஒரு மசோதாவை எதிர்த்துத் தீர்மானம் போட்டாலும் சட்டமன்றம் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. மாமன்றத் தீர்மானத்தை ரத்து செய்கிற அதிகாரமும் அரசுக்கு உண்டு. இதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

பிறகு எதற்கு இத்தனை பாடு? சட்டம் சென்னையில் எழுதப்பட்டாலும், அதை வைத்துக்கொண்டு நம் வாசலுக்கு வருகிறவர் மாநகராட்சி ஊழியர்தான். 2022-ல் சொத்து வரி உயர்வு வந்தபோது பார்த்தோம். அளவை அரசு சொன்னது: சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீடுகளுக்கு 25%, 1,200 வரை 50%, 1,800 வரை 75%, அதற்கு மேல் 100%. மாமன்றங்கள் தீர்மானம் போட்டன. வரி ரசீதைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் போய் நின்றது கவுன்சிலர் வீட்டு வாசலில். மேலிருந்து கீழே வருவதற்கு இவ்வளவு நேரான பாதை இருக்கும்போது, கீழிருந்து மேலே போகிற பாதையையும் நாம் போட்டுவைக்க வேண்டும். அது சட்டப்படியான உத்தரவாகப் போகாது, ஊரின் சொல்லாகத்தான் போகும். ஆனால் 60 வார்டு உள்ள ஓர் ஊர், எண்களோடும் பிரிவு எண்ணோடும் எழுதி அனுப்பும் சொல்லுக்கு எடை இருக்கிறது.

யார் பேசினால் அது ஊரின் பேச்சு?

மேயர் பேட்டி கொடுத்தால் அது மேயரின் கருத்து. கவுன்சிலர் மைக்கில் பேசினால் அது அவருடைய, அல்லது அவர் கட்சியின் கருத்து. ஆணையர் அரசுக்கு அனுப்பும் குறிப்பு நிர்வாகத்தின் கருத்து. மாமன்றம் கூடித் தீர்மானம் நிறைவேற்றி, அதற்கு எண் விழுந்தால்தான் அது வேலூர் மாநகராட்சியின் நிலைப்பாடு.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். மாநில சட்டமன்றத்தில் இருக்கும் ஒரு மசோதா பற்றி நகரத்தின் பெயரில் யாரும் எதுவும் சொல்வதென்றால், முதலில் நகர மன்றம் அதைத் தீர்மானமாக ஏற்க வேண்டும், மேயரும் ஒப்ப வேண்டும். அங்கே 99 குடியிருப்புப் பகுதி மன்றங்கள் இருக்கின்றன. ஒரு பொருள் நகர மன்றத்துக்கு வரும்போது, "இது எங்கள் பகுதியை இப்படிப் பாதிக்கும்" என்று அவை எழுதிக் கொடுக்கும் அறிக்கை அந்தக் கோப்போடு சேர்க்கப்படும். அங்குள்ள பல நகரங்கள் வருடத்துக்கு ஒரு முறை, "இந்த ஆண்டு மாநில அரசிடம் நாங்கள் எதை ஆதரிப்போம், எதை எதிர்ப்போம்" என்று ஒரு கொள்கைத் தாளையும் நிறைவேற்றி வைத்துக்கொள்கின்றன. மசோதா வந்ததும் அந்தத் தாளைக் காட்டி அன்றைக்கே கடிதம் அனுப்ப முடிகிறது. நமக்கு மிகத் தேவையான யோசனை இந்தக் கடைசி விஷயம்தான்.

மசோதா நடக்கும் பாதை

துறை வரைவு தயாரிக்கும். உள்ளாட்சி சம்பந்தப்பட்டது என்றால் பெரும்பாலும் நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை. சட்டத்துறை பார்க்கும், அமைச்சரவை ஒப்புதல் தரும். அப்புறம் சட்டமன்றத்தில் அறிமுகம். ஏட்டில் இதற்குப் பெயர் 'சட்டமுன்வடிவு'. மேலவை 1986-லேயே கலைக்கப்பட்டுவிட்டதால், ஓர் அவையில் நிறைவேறினால் அடுத்து ஆளுநர்தான். விரிவாக ஆராயத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வழி இருக்கிறது, ஆனால் அபூர்வமாகத்தான் அனுப்புகிறார்கள். மத்திய அரசின் துறைகளுக்கு 2014-ல் ஒரு வழிமுறை வந்தது: வரைவு மசோதாவைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று. அது மத்திய அமைச்சகங்களுக்கானது. மாநில மசோதாவுக்கு அந்த 30 நாளை நம்பி உட்கார முடியாது.

2023 ஏப்ரல் 21-ம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தொடரின் கடைசி நாள். அன்று நிறைவேறியவற்றில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்தம். ஆளும் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மூன்று நாளில் அதை நிறுத்திவைத்தார்கள், மே 1-ல் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. இன்னொன்று, 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கு, நடுவில் ஏரியோ ஓடையோ கால்வாயோ இருந்தாலும் நிலத்தை ஒருங்கிணைக்க வழி செய்யும் நில ஒருங்கிணைப்புச் சட்டம். சூழலியல் அமைப்புகள் எதிர்த்தும், அதே ஆண்டு ஆகஸ்டில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்துச் சட்டமாகிவிட்டது. கன்சால்பேட்டையில் மழைக்காலத்தில் நிக்கல்சன் கால்வாய் வீட்டுக்குள் வருவதை அனுபவித்தவர்களுக்கு, நீர்வழியைத் தொடும் சட்டம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அதைப் பற்றி ஊர்கள் பேச வேண்டிய நேரம் ஏப்ரல் 21-க்கு முன்னால் இருந்தது.

அந்த 12 மணி நேர வேலைக் கதையில் எனக்குத் தெரிந்தது, எதிர்ப்பை முன்பே வாதங்களோடு தயாராக வைத்திருந்தவர்கள் மூன்று நாளில் ஒரு சட்டத்தை நிறுத்த முடிந்தது என்பது. தொழிற்சங்கங்கள் அன்றைக்குத்தான் யோசிக்கத் தொடங்கவில்லை. எட்டு மணி நேரம் என்பது அவர்களின் பழைய, எழுதிவைத்த நிலைப்பாடு.

நாம் நுழையக்கூடிய இடங்கள் என்று பார்த்தால்: துறை வரைவு எழுதும்போது, அவை கூடாத நேரத்தில் ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டம் வந்தால் அது மசோதாவாக மாறுவதற்கு முன், அவையில் நம் எம்.எல்.ஏ. பேசும்போது, கடைசியாக, சட்டம் வந்த பிறகு விதிகள் எழுதும்போது. அவசரச் சட்டம் ஒரு நல்ல அறிகுறி. அவை மறுபடி கூடிய ஆறு வாரத்துக்குள் அதற்குப் பதிலாகச் சட்டம் கொண்டுவராவிட்டால் அது காலாவதியாகிவிடும். அதனால் அவசரச் சட்டம் அரசிதழில் வந்த நாளே, மசோதா பின்னால் வருகிறது என்று குறித்துக்கொள்ளலாம். இன்னொன்று: சட்டமன்றம் கலைந்தால் நிலுவையில் உள்ள மசோதா செத்துவிடும், கூட்டத்தொடர் முடிந்தால் மட்டும் சாகாது.

படி 1: வருடத் தாள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நான்கைந்து விஷயத்தில் வேலூரின் நிரந்தர நிலைப்பாட்டை இரண்டு பக்கத்தில் எழுதி, மாமன்றத்தில் தீர்மானமாக்கி வைப்பது.

என்னென்ன இருக்கலாம்? நீர்நிலையும் கால்வாயும்: பாலாறு, சதுப்பேரி, நிக்கல்சன் கால்வாய் போன்றவற்றின் எல்லையையோ பயன்பாட்டையோ மாற்றும் எந்தச் சட்டத்திலும் மாநகராட்சியின் கருத்தைக் கேட்ட பிறகே முடிவு என்ற பிரிவு வேண்டும். வேலைப் பொறுப்பும் பணமும்: மாநகராட்சிக்குப் புதிய பொறுப்பு கொடுக்கும் சட்டம், அதற்கான நிதி எங்கிருந்து வரும் என்றும் சொல்ல வேண்டும். அதிகாரம்: 12-வது அட்டவணையில் உள்ள பணியை மாநகராட்சியிடமிருந்து வேறு வாரியத்துக்கோ ஆணையத்துக்கோ மாற்றினால், அதில் நகரத்தின் பிரதிநிதிக்கு இடம் வேண்டும். எல்லை: பக்கத்து ஊராட்சிகளைச் சேர்க்கும்போது அந்த மக்களின் கிராம சபை கருத்தும் கேட்கப்பட வேண்டும். 2008-ல் மாநகராட்சியாகி, பின்னர் காட்பாடி, சத்துவாச்சாரி எல்லாம் சேர்ந்து வளர்ந்த ஊர் நம்முடையது. சேர்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று இங்கே பாதிப்பேருக்கு நேரடியாகத் தெரியும். அப்புறம் வெளியூர் நோயாளிகளும் அவர்கள் தங்கும் விடுதிகளும். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எப்போது எழுதுவது? பகுதி சபாக்கள் ஆண்டுக்கு நான்கு நாளில் கூட வேண்டும்: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. இந்தத் தேதிகள் எந்த மசோதாவோடும் ஒத்துப்போகாது. ஆனால் வருடத் தாளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். டிசம்பர் 10 சபாவில் பேச்சை எடுங்கள். ஜனவரி 25-ல் முடிவாக எழுதி வார்டு குழுவுக்கு அனுப்புங்கள். பிப்ரவரியில் மாமன்றம். பட்ஜெட் கூட்டத்தொடர் சூடுபிடிக்கும்போது தாள் மேயர் மேசையில் இருக்கும். தீர்மானத்தின் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள்: "இந்நிலைப்பாடுகளுக்கு உட்பட்ட சட்டமுன்வடிவுகள் குறித்து அரசுக்குக் கடிதம் அனுப்ப மேயருக்கு அனுமதி அளிக்கப்படுகிறது, அனுப்பிய கடிதம் அடுத்த கூட்டத்தில் மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்." இந்த ஒரு வரி இருந்தால், அவசரத்தில் கூட்டம் கூட்டாமலே ஊர் பேச முடியும்; மன்றமும் பிடியை விடாது.

படி 2: மசோதாவைக் கையில் எடுத்துப் படிப்பது

செய்தித்தாள் தலைப்பை வைத்து மனு எழுதாதீர்கள். மசோதா, தமிழ்நாடு அரசிதழின் சிறப்பு வெளியீட்டில் பகுதி 4, பிரிவு 1-ல் வரும். சட்டமன்றப் பேரவையின் இணையதளத்திலும் தேடலாம். அதன் எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுதும் ஒவ்வொரு தாளிலும் அந்த எண் இருக்க வேண்டும்.

நான் பின்பக்கத்திலிருந்து படிப்பேன். கடைசியில் நோக்க காரண விளக்கம் இருக்கும். அரசு எதற்காக இதைக் கொண்டுவருகிறது என்பது அதில் தெரியும். அடுத்து, "வகுத்துரைக்கப்படும் முறையில்" என்று எங்கெங்கே வருகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். அந்த இடங்களில் எல்லாம் உண்மையான முடிவு பின்னால் வரும் விதியில்தான் இருக்கிறது. கட்டணம் எவ்வளவு, யார் அதிகாரி, எத்தனை நாள் அவகாசம் என்பதெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு பழைய சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எது மாறுகிறது என்று பாருங்கள். உள்ளாட்சி மசோதா என்றால் ஒப்பிட வேண்டியது 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். பல ஆண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டிருந்த அந்தச் சட்டம், 2023 ஏப்ரலில்தான் விதிகளோடு முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

ஊரில் ஒரு வக்கீலைப் பிடியுங்கள். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் அரை மணி நேரம் ஒதுக்கித் தருகிற நல்ல மனிதர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

படி 3: தெருவில் இறங்கிக் கணக்கெடுப்பது

ஒரு கற்பனை மசோதாவை வைத்துப் பார்ப்போம். நகரங்களில் உள்ள எல்லாத் தங்கும் விடுதிகளுக்கும் ஒரே வகை உரிமம். எத்தனை அறை இருந்தாலும் சொந்த வண்டி நிறுத்துமிடம் கட்டாயம். உரிமம் தரும் அதிகாரம் மாநகராட்சியிடமிருந்து ஒரு மாநில ஆணையத்துக்குப் போகிறது. இப்படி ஒரு மசோதா வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இதை எழுதுகிறவர் மனதில் பெரிய ஓட்டல்கள் இருக்கும். வேலூரில் நிலைமை வேறு. 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையைச் சுற்றி ஒரு தனி ஊரே இருக்கிறது. காந்தி ரோட்டிலும் அதன் சந்துகளிலும் பெங்காலியில் எழுதிய பலகைகளைப் பார்க்கலாம். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று வருகிறவர்கள் ஒரு நாள் இரண்டு நாள் தங்குவதில்லை. சிகிச்சை முடிகிற வரை வாரக்கணக்கில் தங்குகிறார்கள்.

அப்படி ஒரு லாட்ஜுக்குள் ஏறிப் பாருங்கள். குறுகலான மாடிப்படி. மாடிக்கு நாலு அறை. ஒரு கதவு திறந்திருக்கிறது. உள்ளே தரையில் சின்ன கேஸ் அடுப்பு, அதில் குக்கர். கட்டிலில் படுத்திருப்பவருக்கு ஆபரேஷன் முடிந்திருக்கிறது. ஜன்னல் கம்பியில் ஈரத் துண்டு. தலையணைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் ஸ்கேன் படங்கள். அவருடைய மனைவி மார்க்கெட்டில் வாங்கிய மீனைக் கழுவிக்கொண்டிருக்கிறார். இவர்கள் யாரும் காரில் வரவில்லை. காட்பாடி ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோவில் வந்தவர்கள். வண்டி நிறுத்துமிடம் கட்டாயம் என்றால் இந்த லாட்ஜ் மூடப்படும், அல்லது தரைத்தளத்தை இடித்து வாடகையை ஏற்ற வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கப்போவது இந்தக் குடும்பம்.

இதைத்தான் தாளில் கொண்டுவர வேண்டும். உணர்ச்சியாக எழுதினால் மட்டும் போதாது. ஒரு தெருவை எடுத்துக்கொண்டு எத்தனை விடுதி, எத்தனை அறை, எத்தனை இடத்தில் வண்டி நிறுத்துமிடம், நாள் வாடகை எவ்வளவு, சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார்கள் என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள். இரண்டு இளைஞர்கள் ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம். கூடவே மறுபக்கத்தையும் கேளுங்கள். தெருவில் ஆட்டோவும் ஆம்புலன்ஸும் போக முடியாமல் நிற்பதால்தானே அப்படி ஒரு பிரிவு வந்தது? தீயணைப்பு வழி இல்லாத மாடிப்படி நோயாளிக்குத்தானே ஆபத்து? அதை ஒப்புக்கொண்டு எழுதுகிற ஊரைத்தான் துறை அதிகாரி நம்புவார்.

படி 4: எந்த நிலைப்பாடு?

ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு மட்டும் இல்லை. திருத்தினால் ஆதரவு என்பது ஒன்று. கருத்துச் சொல்லாமல் கவனித்துவருவது இன்னொன்று.

என் அனுபவத்தில் நம் ஊருக்குப் பொருந்துவது பெரும்பாலும் 'திருத்தினால் ஆதரவு'தான். காரணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். மாமன்றத்தில் பெரும்பான்மை இருக்கும் கட்சி மாநிலத்தில் ஆளும் கட்சியாக இருந்தால், தன் அரசின் மசோதாவை "எதிர்க்கிறோம்" என்று கை தூக்க எந்தக் கவுன்சிலருக்கும் தயக்கம் இருக்கும். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. "நோக்கத்தை வரவேற்கிறோம், பிரிவு 4-ஐ இப்படி மாற்ற வேண்டும்" என்று கொடுத்தால் அதே கவுன்சிலர் மகிழ்ச்சியாக முன்மொழிவார். எழுதுகிறவருக்கும் இது நல்லது. எதிர்ப்பு என்று எழுத ஒரு வரி போதும். திருத்தம் எழுத வேண்டுமானால் மசோதாவை உண்மையிலேயே படித்திருக்க வேண்டும். அடிப்படையே தவறு என்றால் மட்டும் தயங்காமல் எதிர்ப்பு என்றே எழுதுங்கள். அப்போது கூட்டணிக் கட்சிக் கவுன்சிலர்களிடம் முதலில் போங்கள். 2023-ல் நடந்ததை நினைத்துப் பாருங்கள்.

படி 5: தீர்மானத்தை எழுதுவது

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மசோதா எண், பிரிவு எண், நம் ஊரின் உண்மை, என்ன மாற்ற வேண்டும் என்ற சொல், யாருக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். நம் கற்பனை மசோதாவுக்கு இப்படி இருக்கும்:

"மேற்படி சட்டமுன்வடிவின் நோக்கத்தை இம்மாமன்றம் வரவேற்கிறது. வேலூரில் மருத்துவச் சிகிச்சைக்காக வரும் வெளியூர் நோயாளிகளும் உடன் வருவோரும் நீண்ட நாள் தங்கும் சிறு விடுதிகள் அதிகம் உள்ளதால், பிரிவு 4-ல் 'ஒவ்வொரு தங்கும் விடுதியும்' என்பதற்குப் பதிலாக 'இருபது அறைகளுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தங்கும் விடுதியும்' என மாற்றவும், சிறு விடுதிகளுக்குத் தீப்பாதுகாப்பு வசதி செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் அளிக்கவும், உரிமம் வழங்கும் ஆணையத்தில் மாநகராட்சியின் பிரதிநிதி ஒருவரைச் சேர்க்கவும் தமிழ்நாடு அரசைக் கேட்டுக்கொள்ள இம்மாமன்றம் தீர்மானிக்கிறது."

கவனியுங்கள், கோரிக்கை மூன்றுதான். பத்துக் கோரிக்கை வைத்தால் எதையும் செய்ய மாட்டார்கள். எந்தச் சொல்லை எடுத்துவிட்டு எந்தச் சொல்லை வைப்பது என்று நாமே எழுதிக் கொடுத்தால், எம்.எல்.ஏ. அதை அப்படியே திருத்த அறிவிப்பாகக் கொடுக்க முடியும்.

படி 6: அஜெண்டாவில் ஏற்றுவது

இங்கேதான் நிறையப் பேர் சோர்ந்துபோகிறார்கள். பகுதி சபாவிலிருந்து வார்டு குழு, வார்டு குழுவிலிருந்து கவுன்சிலர் என்பது நேரான வழி. அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் பகுதி சபா உறுப்பினர்கள். வார்டு குழுவுக்குக் கவுன்சிலர்தான் தலைவர். சபா நாள் தள்ளி இருந்தால் வார்டு குழுவைக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் நேராகக் கவுன்சிலரிடம் போங்கள். ஒருவரோடு நிற்காதீர்கள். நான்கு மண்டலத்திலிருந்தும் ஆளுக்கு இரண்டு கவுன்சிலர் கையெழுத்துப் போட்டால், அது ஒரு வார்டின் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது.

அஜெண்டா அச்சாகும் நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டத்துக்குச் சில நாள் முன்பே பொருள்கள் உறுப்பினர்களுக்குப் போய்விடும். மாமன்றச் செயலர் பிரிவில் தாளைக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தர்களிடம் பொறுமையாகப் பேசுங்கள். "இந்தப் பொருளுக்குத் தலைப்பு இப்படிப் போட்டால் ஆணையர் குறிப்பு சீக்கிரம் கிடைக்கும்" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அங்கே மேசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாதான். ஆணையரின் குறிப்பு முக்கியம். "நிர்வாகத்துக்கு ஆட்சேபனை இல்லை" என்ற ஒரு வரி, மன்றத்தில் பாதி விவாதத்தைக் குறைத்துவிடும். சுகாதாரம், நகரமைப்பு, வரி என்று பொருளுக்கேற்ற நிலைக்குழுத் தலைவரையும் முன்கூட்டியே பாருங்கள்.

மாதக் கூட்டம் வரை பொறுக்க முடியாதென்றால், அவசரக் கூட்டமோ சிறப்புக் கூட்டமோ கேட்டு மேயருக்கு எழுதலாம். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் வாரங்களில் எதுவும் நகராது; அந்த நேரத்தை அடுத்த தாள் எழுதப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 7: மன்றத்தில்

பேசப்போகும் கவுன்சிலருக்கு அரைப் பக்கக் குறிப்பு கொடுங்கள். அதில் மூன்று எண்ணும் ஒரு தெருப் பெயரும் போதும். ஒருமனதாக நிறைவேறினால் நல்லது. எதிர்ப்பு வந்தால் யார் எதற்காக எதிர்த்தார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காரணத்தில் சில சமயம் நாம் பார்க்காத ஒரு விஷயம் இருக்கும். "ஒத்திவைக்கப்பட்டது" என்று முடிந்தால் எந்தக் கூட்டத்துக்கு என்று கேட்டுப் பதிவு செய்ய வையுங்கள்.

2025 ஏப்ரலில், நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் திருத்த மசோதாவை அரசு சட்டமன்றத்தில் கொண்டுவந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர் மன்றத்தில் உட்கார வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, மன்றத்துக்கு ஏறுகிற படி எப்படி இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். தன்னையே மாற்றும் மசோதா வரும்போது மாமன்றத்துக்குச் சொல்ல நிறைய இருக்கும். அதுபோன்ற சந்தர்ப்பத்தில் ஆதரவுத் தீர்மானத்துக்கும் மதிப்புண்டு. நல்ல சட்டத்துக்கு ஊர்கள் கை கொடுத்தால்தான், கெட்டது வரும்போது அதே ஊர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

படி 8: தீர்மானம் கைக்கு வந்த அன்றே

தீர்மானம் மினிட் புத்தகத்தில் தூங்கினால் யாருக்கும் பயனில்லை. ஆணையர் வழியாக நகராட்சி நிர்வாக இயக்குநருக்கும், புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள துறைச் செயலாளருக்கும் போக வேண்டும். நகல் கலெக்டருக்கு. முக்கியமாக எம்.எல்.ஏ.க்களுக்கு. நம் மாநகராட்சி வேலூர், காட்பாடி, அணைக்கட்டு என்று மூன்று தொகுதிகளில் பரவியிருக்கிறது. மூன்று பேரையும் பாருங்கள். எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள். ஆளும் கட்சிக்காரர் அமைச்சரிடம் தனியாகச் சொல்வார், எதிர்க்கட்சிக்காரர் அவையில் எழுந்து சொல்வார். இரண்டும் வேண்டும்.

ஒரே ஊர் எழுதுவதைவிட நாலு ஊர் எழுதினால் கனம் கூடும். குடியாத்தம், பேரணாம்பட்டு நகராட்சிகளுக்கும் பள்ளிகொண்டா, திருவலம் போன்ற பேரூராட்சிகளுக்கும் தீர்மான நகலை அனுப்பி, "உங்களுக்கும் இது பொருந்தினால் நீங்களும் போடுங்கள்" என்று கேளுங்கள். பழைய வட ஆற்காட்டு உறவில் ராணிப்பேட்டை, ஆம்பூர் வரைக்கும் கேட்கலாம். தோல் பதனிடும் தொழிலும் பாலாறும் சம்பந்தப்பட்ட மசோதா என்றால் அவர்கள் இல்லாமல் பேசவே கூடாது.

படி 9: நிறைவேறிய பிறகு

எங்கள் மனு தோற்ற அன்று எனக்குத் தெரியாமல் போன படி இது. சட்டம் நிறைவேறினால் கதை முடிந்தது என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். "வகுத்துரைக்கப்படும் முறையில்" என்று பென்சிலால் கோடு போட்ட இடங்கள் எல்லாம் அப்போதுதான் திறக்கின்றன. வரைவு விதிகளை அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபனை கேட்கும் அறிவிப்பு வந்தால், தேதியைக் குறித்துக்கொண்டு அதே தீர்மானத்தை விதிக்கு ஏற்ப மாற்றி அனுப்புங்கள். நம் கற்பனை லாட்ஜ் சட்டத்தில் 'சிறு விடுதி' என்பதற்கு இலக்கணம் விதியில்தான் வரும். காந்தி ரோட்டில் எடுத்த கணக்கு அப்போதும் அப்படியே பயன்படும்.

கடிதம் உண்மையிலேயே போனதா என்று தெரிய வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி, தீர்மானத்தின் நகல், அனுப்பிய கடிதத்தின் நகல், அரசிடமிருந்து வந்த பதில் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்ததைப் பகுதி சபாவில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

எங்கள் வார்டில் டிசம்பர் 10 சபாவுக்கு நான் எடுத்துப்போகும் பையில் இப்போது நாலு விஷயம் இருக்கிறது: பழைய மனுவின் நகல், வருடத் தாளின் வரைவு, தெருக் கணக்கு எழுதிய நோட்டு, ஒரு பென்சில்.